உங்களுக்குத் தெரியுமா? எலும்புக்குள்ளும் சீழ் பிடிக்கும்

பிறந்து சில வாரமே ஆன குழந்தை. துணி மாற்றும்போது ஒரு காலை மட்டும் உதைக்காமல் அப்படியே போட்டிருக்கிறது. தொட்டால் வீறிட்டு அழுகிறது. காய்ச்சல்கூட இல்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவி உருவிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம்! உள்ளே எலும்பில் கிருமி புகுந்திருக்கலாம்.

பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். ரத்தத்தில் கலந்து வரும் அது, நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டை ஒட்டித் தங்கிவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் அங்கே வளைந்து திரும்புவதால் ஓட்டம் மந்தம். ரத்தத்தில் பயணிக்கும் கிருமி தொடை, தோள் என ஒரே சமயத்தில் பல இடங்களில் இறங்கலாம். பச்சிளங்குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் ஒரு கால் வீங்கியிருந்தாலும் மருத்துவர் எல்லா மூட்டுகளையும் அசைத்துப் பார்க்கிறார்.

முதல் 10 நாள் வரை எக்ஸ்ரேயில் எலும்பு மாற்றம் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. முன்னதாகவே காட்டிவிடும்.

அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளின் எலும்பைச் சால்மோனெல்லா கிருமியும் தாக்கும். இந்தியாவில் அந்த ரத்தக் குறைபாடு 1952இல் முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

பல எலும்புகள் விட்டுவிட்டு வலித்து வீங்கியும், சோதித்தால் கிருமியே அகப்படாத நோயும் உண்டு. 1972இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட அதற்கு ஆன்டிபயாடிக் பலிக்காது. அழற்சியைத் தணிக்கும் மருந்துகளே கைகொடுக்கின்றன.