பெரியவர்களுடன் பிரயாணம்: புறப்படும் முன் ஒரு வார்த்தை



பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, வைத்தியத்துக்கு வேலூர், பேரனைப் பார்க்கப் பெங்களூர் என்று நம் ஜோலார்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் ரயிலோ பஸ்ஸோ ஏறாத மாதமில்லை. சந்தோஷமாகப் போய் வரட்டும். ஆனால் அறுபதைத் தாண்டிய உடம்பு வெயிலையும் பசியையும் தாகத்தையும் இளவயசு உடம்பு மாதிரித் தாங்காது. பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது:

"அத்தை, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"வேணாம்மா. அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். பஸ்ஸுல எங்க போறது? காலையிலேருந்து தண்ணியும் குடிக்கல."

ஆபத்து இங்கேதான் ஆரம்பம். மாத்திரையை விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். தண்ணீரைக் குறைத்தால் தலை சுற்றும், நீர்க்கடுப்பு வரும், மயங்கி விழவும் நேரும். சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக்கும் என்பது உண்மையே. அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது. பயண நாளில் எந்த நேரத்தில் போடலாம் என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தண்ணீருக்கு டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவே போதும். பஸ்ஸானால், நிற்கும் இடத்தில் இறங்கிப் போய்வர வேண்டும் என்று கண்டக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

புறப்படும் முன்:

1. பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுங்கள். பெட்டியில் அல்ல, கைப்பையில் வையுங்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், ஊருக்குப் போவதை அந்தப் பணியாளரிடம் முன்னரே சொல்லுங்கள்.

2. நோய், மருந்துகளின் பெயர், உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டைப் பெரியவர் பையில் வையுங்கள்.

3. ரயிலில் 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும், காலி இருக்கும் வரை, கீழ் பெர்த் தர ஏற்பாடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகச் சொல்லுங்கள்.

4. நம் ஸ்டேஷனில் வண்டி நிற்பது சில நிமிஷமே. முன்னதாக வாருங்கள். நகரும் வண்டியில் ஏறவோ இறங்கவோ விடாதீர்கள்.

வழியில்:

மணிக்கொரு முறை கணுக்காலை ஆட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காலில் ரத்தம் தேங்கும். படுத்தவர் சட்டென்று எழ வேண்டாம். சற்று உட்கார்ந்து பிறகு எழட்டும். சர்க்கரை உள்ளவருக்கு வேளை தவறாமல் சாப்பாடு வேண்டும். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

ஊருக்கெல்லாம் செருப்பும் ஷூவும் தைத்துக் கொடுக்கிற பகுதி நமது. ஆனால் கிரிவலத்தில் 14 கிலோமீட்டரும் வெறுங்காலில்தான்! சர்க்கரையால் கால் மரத்தவருக்குச் சுடுவதும் குத்துவதும் தெரியாது. புண்ணான பிறகே தெரியும். அவர்கள் ஆட்டோவில் சுற்றி வந்தால் சாமி கோவிச்சுக்காது. நடந்துதான் ஆகணும் என்பவர், வெயில் சாய்ந்தபின் தடித்த காலுறை போட்டு நடக்கட்டும். இரவு இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

மார்பு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். ரயிலில் 139, வெளியே 108.

மாத்திரைப் பை ஒருவர் கையில், தண்ணீர்ப் பாட்டில் ஒருவர் கையில் என்று கணவனும் மனைவியும் பங்கிட்டுக் கொள்ளுங்கள். போன பெரியவர் நலமாகத் திரும்புவதே வீட்டுக்கு நிறைவு.