நோய் எதிர்ப்பின் அடையாளங்கள்

மாணவ நண்பர்களே, ஒருவர் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் எவ்வளவு உண்டு என்பதை அளந்தறிய முடியுமா? இவ்வினாவைப் பற்றி உலகத்துக்கு அரியதொரு பாடத்தை அளித்தது செங்கற்பட்டு மாவட்டம். மாமல்லபுரத்துக் கடற்கரை முதல் திருவள்ளூர் வயல்வெளிகள் வரை பரந்திருந்த பழைய மாவட்டத்தையே நான் குறிப்பிடுகிறேன்.

காசநோய்க் கிருமி உடலில் முன்னரே புகுந்துள்ளதா என்றறிய டியூபர்குலின் சோதனை செய்வதுண்டு. முன்கைத் தோலுக்குள் அந்நீர்மத்தைச் சிறிதளவு செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்து, தோன்றும் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பார்கள். கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் அங்கே திரள்வதே தடிப்புக்குக் காரணம். பி.சி.ஜி. ஊசி போட்டுக் கொண்டவர்க்கும் இது தோன்றும். ஆகவே, தடிப்பு இருந்தால் பாதுகாப்பும் உண்டு என்று பலர் நம்பினார்கள்.

1968 முதல் 1971 வரை, திருவள்ளூர்ப் பகுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம் முதலியவற்றின் துணையுடன், ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போட்டது. சிலருக்கு பி.சி.ஜி.; சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர்மம். எவருக்கு எது என்பது போட்டவர்க்கும் தெரியாது. போட்டுக் கொண்டவர்க்கும் தெரியாது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பி.சி.ஜி. பெற்றவர்களின் தோல் தடித்தது உண்மைதான். எனினும், வயது வந்தோரிடையே நுரையீரல் காசநோய் இரு சாராரையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே பற்றியது. பச்சிளங் குழந்தைகளைக் காசநோயால் வரும் மூளையுறைக் காய்ச்சலினின்றும் காப்பதால், அவ்வூசியை இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். ஆனால், தடிப்பு வேறு, பாதுகாப்பு வேறு என்பது தெளிவாயிற்று.

இப்பாடம் இன்று நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் பயன்படுகிறது. நம் வெள்ளணுக்கள் வரம்பு மீறாதிருக்க, பி.டி.1 என்னும் கடிவாளம் ஒன்று உண்டு. புற்றணுக்கள் அதனை இழுத்துப் பிடித்துத் தப்பித்துக் கொள்கின்றன. இத்தகைய கடிவாளங்களைத் தளர்த்தும் சிகிச்சைக்கு வழி வகுத்ததற்காக, ஜப்பானியர் ஹோன்ஜோவும் அமெரிக்கர் அல்லிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கடிவாளம் தளர்ந்தால் காசநோயும் அடங்கும் என்றுதானே எண்ணுவோம்? பி.டி.1 இல்லாத எலிகளோ காசநோய்க்கு விரைவில் இரையாயின. சிகிச்சை பெற்ற மனிதர் சிலரிடமும் உறங்கிய காசநோய் விழித்ததுண்டு. வெள்ளணுக்களின் அளவு கடந்த சீற்றம் நுரையீரலையே சிதைப்பதால், கிருமி அங்கே தழைக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அன்றியும், இச்சிகிச்சையால் நுரையீரல் அழன்றால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது எதிர்ப்பாற்றலைக் குறைத்து வேறு தொற்றுகளுக்கும் வழி திறக்கும்.

எனவே, இத்தகைய நோயாளி இருமினால், காரணம் புற்றுநோயா, மருந்தின் விளைவா, காசநோயா என்று ஆராய்தல் வேண்டும். தவறாகக் கணித்துக் காசநோயாளிக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில், கிருமி இருந்தும் தோல் தடிக்காமல் இருக்கலாம். ஆதலால், தடிப்பையும் வெள்ளணுக் கணக்கையும் மட்டும் நம்பாமல், சளிச் சோதனையும் எக்ஸ்-ரே படமும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்கிறார்.

அடையாளம் ஒரு சாட்சி, அதுவே தீர்ப்பாகாது. சாட்சியைக் கேட்க வேண்டும். குறுக்கு விசாரணையும் செய்ய வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நீங்கள் இதனை மனத்திலிருத்துங்கள்.