அடங்கியது ஒன்று, கிளம்பியது வேறொன்று

பூஞ்சை ரத்தத்தில் கலந்துவிடாமல் இருக்க, அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் புற்றுநோய் மையத்தில் 1990இல் ஃப்ளூகோனசோல் என்ற அப்போதைய புது மருந்தை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றவர்கள் ரத்தப் புற்றுநோயாளிகளும் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களும். வழக்கமாகத் தொல்லை தரும் கேண்டிடா ஆல்பிகன்ஸ் அடங்கியது. ஆனால், அதுவரை அரிதாகத் தென்பட்ட கேண்டிடா குருசி என்ற உறவுக்காரப் பூஞ்சை, மருந்து எடுக்காதவர்களைவிட எடுத்தவர்களிடம் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகத் தொற்றியது. 1991இல் இந்த ஆய்வு வெளியானது. குருசிக்கு ஃப்ளூகோனசோலை எதிர்க்கும் குணம் பிறவியிலேயே உண்டு. போட்டியாளர்களை மருந்து அகற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

‘கவுன்ட் இறங்கிவிட்டது’ என்று வார்டில் சொல்வார்களே, இத்தகைய நோயாளிகளுக்கு அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. கீமோ புற்றணுக்களோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களையும் அழிக்கிறது. அவை மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் பூஞ்சையைத் தடுக்க ஆளில்லை. அதே கீமோ வாயிலிருந்து குடல்வரை உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. குடலில் சாதுவாகக் கிடந்த பூஞ்சை அந்தப் புண் வழியே ரத்தத்தில் இறங்குகிறது. மருந்தேற்றப் பொருத்திய குழாய் இன்னொரு வாசல்.

கைவசம் உள்ள மருந்துகளோ சொற்பம். பூஞ்சையின் செல் நம் செல்லைப் பெரிதும் ஒத்தது. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றதையும் தாக்கும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது இதனால்தான். நமக்கில்லாத செல்சுவரைக் குறிவைக்கும் எக்கினோகேண்டின் வகை மருந்துகள் ஓரளவு பாதுகாப்பானவை, ஆனால் டிரைகோஸ்போரான் போன்ற பூஞ்சைகள் அவற்றுக்கு மசிவதில்லை. 2009இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இன்னும் மோசம்: பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அடங்காது, கட்டில் கம்பியிலும் தோலிலும் ஒட்டிக்கொண்டு ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குத் தாவும். பழைய பரிசோதனைக் கருவிகள் அதை வேறு இனமென்று தவறாகச் சொன்னதும் உண்டு.

ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் சோதனை, ஆழ்ந்த கேண்டிடா தொற்றுகளில் ஏறத்தாழ பாதியைத் தவறவிடுகிறது. ஆகவே, ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கைந்து நாட்களாகக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால், முடிவுக்குக் காத்திராமல் பூஞ்சை மருந்தைத் தொடங்குகிறார்கள். அது சரிதான். ஆனால், பிறகு வரும் அறிக்கை ‘கேண்டிடா வளர்ந்துள்ளது’ என்பதோடு நின்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. எந்த இனம், எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரிந்தால்தான், ஏறிக்கொண்டிருக்கும் மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும்.