பெயரும் கால்வழியும் : இலண்டன் கிரேக்கக் குடும்பம் ஒன்றன் வரலாறு

பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளில் 'பெயரன்' என்னும் சொல் சங்கச் செய்யுட்களிலேயே ஆளப்பட்டுள்ளது. அதுவே இன்று 'பேரன்' என மருவி, பெயரைத் தாங்காதவனையும் குறிக்கும் உறவுச்சொல்லாக நின்றுவிட்டது. கிரேக்க மக்களிடத்தும் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியதாகும். தலைமகனுக்குத் தந்தையைப் பெற்ற பாட்டனின் பெயரை இடுதல் அவர்தம் பெருவழக்கு. ஆகவே, பழைய ஏடுகள் கிட்டாத ஒரு குடும்பத்தின் கால்வழியைக் காண முயல்வார், பெயர்கள் மாறி மாறி வரும் முறையையே முதற்சான்றாகக் கொள்கின்றனர். இச்சான்று எத்துணைத் தூரம் நம்மை அழைத்துச் செல்லும்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் குடியேறிய அயோனிடீஸ் குடும்பத்தைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இக்குடும்பத்தின் முதல்வராக நாம் அறிபவர் கான்ஸ்டாண்டிநோபிள் நகர வணிகராகிய கான்ஸ்டன்டைன் (1775–1852) என்பார். இவருடைய குடும்பப்பெயர் இப்லிக்ட்சிஸ் என்பது. 'இப்லிக்' என்பது நூலைக் குறிக்கும் துருக்கிச் சொல். அதனோடு தொழில் செய்வாரைக் குறிக்கும் துருக்கி விகுதி சேர்ந்துள்ளது. தமிழில் 'நூல்காரர்' என்றாற் போல்வது இது. இவர் மகன் அலெக்சாந்தர் (1810–1890) 1827இல் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் நகரில் துணி வாணிகம் தொடங்கினார். அயோனிடீஸ் என்னும் பெயர் நிலைபெற்றது இவர் காலத்தேயாம். 'இடீஸ்' என்பது 'இன்னார் வழிவந்தவர்' எனப் பொருள்படும் பழங்கிரேக்க ஈறு.

வாணிக வசதி கருதிய மாற்றம் என்று இதனை எளிதில் தள்ளிவிடுதல் பொருந்தாது. 1821இல் கிரேக்கர் துருக்கியர்க்கு எதிராக விடுதலைப் போர் தொடங்கினர். 1822இல் கியோஸ் தீவு அழிக்கப்பட்டது. அத்தீவின் வணிகக் குடும்பங்கள் பல மேலைத் துறைமுகங்களிற் சிதறிக் குடியேறின. 1851இல் கல்கத்தாவிற் கிளை நிறுவி நம் நாட்டிலும் அறியப்பெற்ற ராலி சகோதரர்கள் அத்தீவினரே. இச்சூழலில் ஒரு கிரேக்கர் துருக்கிச் சொல்லாலாய பெயரைக் களைந்து கிரேக்க ஈற்றுப் பெயரைப் பூணுதல், தாம் யார் என்பதைத் தாமே அறிவித்தலாகும் என்பது எம் கருத்து. ஆங்கிலேயர் நாவிற்கு எளிதாக வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாயின் ஆங்கிலப் பெயர் ஒன்றையே கொண்டிருக்கலாமன்றோ?

எனினும் மரபாராய்ச்சியாளர்க்கு இம்மாற்றம் இடர் விளைக்கின்றது. குடும்பப்பெயரை மட்டும் பற்றிச் செல்வார்க்கு இக்கால்வழி அலெக்சாந்தரோடு தொடங்கியது போலத் தோன்றும். அறுந்த இவ்விழையை இணைப்பது இயற்பெயரே. அலெக்சாந்தரின் தலைமகன் 1833இல் மான்செஸ்டரை அடுத்த சீத்தம் ஹில்லிற் பிறந்தார். பாட்டன் பெயராகிய கான்ஸ்டன்டைன் என்பதே அவருக்கு இடப்பட்டது. அவர்தம் மகன் மீண்டும் அலெக்சாந்தர். மகள் ஒருத்திக்குப் பாட்டியின் பெயராகிய யூட்டர்பி. மேலும், நம்மவர் முன்னெழுத்தாகத் தந்தை பெயரை வைத்தல் போல, இவர்கள் இயற்பெயரை அடுத்துத் தந்தை பெயரையும் வைத்தனர். ஆதலின் தந்தை 'அலெக்சாந்தர் கான்ஸ்டன்டைன்' எனவும், மகன் 'கான்ஸ்டன்டைன் அலெக்சாந்தர்' எனவும் வழங்கினர்.

இம்முறையே மயக்கத்திற்கும் இடமாயிற்று. பேரனும் 'அலெக்சாந்தர் கான்ஸ்டன்டைன்' ஆனமையின், பாட்டனும் பேரனும் ஏட்டளவில் வேறுபாடின்றி நிற்கின்றனர். இராசகேசரி, பரகேசரி என மாறி மாறி வரும் சோழர் பட்டங்களால் கல்வெட்டாராய்ச்சியாளர் எய்திய இடர்ப்பாட்டை ஈண்டு நினைவு கூரலாம். 1927இல் 'அயோன்' என்னும் பெயரில் இக்குடும்பத்தின் கதையை எழுதி வெளியிட்டவர் அப்பேரனே. பாட்டன் நூலெனப் பிறழக் கொள்ளாமைக்கு ஆண்டே காப்பு. இன்னும் ஒன்று: முதல் அலெக்சாந்தரின் மக்களுள் மற்றொருவர்க்குத் தந்தை பெயரே இடப்பட்டது. அலெக்கோ என அழைக்கப்பெற்ற அவரை (1840–1898) மேற்கூறிய முறையை விதியாகக் கொண்டு நோக்கினால், அலெக்சாந்தர் என்பாரின் பேரன் எனப் பிழைபடக் கூற நேரும். வழக்கு விதியன்று, பதிவேடும் கல்லறையும் உடன்நின்று உரைத்தாலன்றிப் பெயரை மட்டும் நம்புதல் தகாது.

இலண்டன் கிரேக்கர் அத்தகைய சான்றுகளை விட்டுச் சென்றுள்ளமை நம் நற்பேறு. 1830களின் இறுதியில் ஃபின்ஸ்பரி சர்க்கசில் வழிபாட்டிடம் அமைத்தனர். 1850 அளவில் இலண்டன் வாலில் கோயில் எழுப்பினர். 1879இல் பேஸ்வாட்டர்ப் பகுதியிற் புனித சோபியா கோயிலைத் திறந்தனர். செல்வம் பெருகப் பெருக, குடியிருப்பு வணிகப் பகுதியினின்று மேற்றிசை நோக்கிப் பெயர்ந்தமையை இக்கோயில்களின் இடங்களே காட்டும். 1842இல் நார்வுட் இடுகாட்டில் தமக்கெனத் தனிநிலம் பெற்றனர். ஆண்டுள்ள கல்லெழுத்துக்கள் மரபாராய்ச்சிக்குப் பெருந்துணை. கிரேக்க நாட்டின் தலைமைத் தூதாண்மையும் இவ்வட்டத்துள்ளேயே இருந்தது: 1854 முதல் 1866 வரை அலெக்சாந்தரும், அவருக்குப்பின் மைக்கேல் ஸ்பார்ட்டலியும் அப்பதவியை வகித்தனர்.

இச்சமூகத்தைப் பிணித்தவை திருமணங்கள். அவற்றைத் தாங்கியவர் மகளிர். பெயர்முறைச் சான்று தோற்பதும் இவ்விடத்தேதான். அலெக்சாந்தரின் மகள் அக்லாயா, கொரோனியோ ஆனார். கவிஞரும் கைவினைஞருமான வில்லியம் மாரிஸ் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. அலெக்சாந்தரின் உடன்பிறந்தாள் மகள் மரியா, கசவெட்டியாகப் பிறந்து சம்பாக்கோ ஆனார். ஓவியர் பர்ன்-ஜோன்சின் படங்களில் அவர் முகத்தைக் காண்கின்றோம். இருவரும் அயோனிடீஸ் குருதியினரே. ஆயின் ஆண்வழி வரைந்த அட்டவணையில் கிளையின் நுனியாகவே நின்றுவிடுகின்றனர். அவர்தம் ஆண் உறவினராகிய கான்ஸ்டன்டைனோ, 1900இல் தம் ஓவியத் தொகுப்பை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற்கு உரிமையாக்கியமையால், குடும்பப்பெயரோடு நிலைபெற்றார்.

மற்றொரு மகளாகிய காரிக்ளியா கிரேக்கரல்லாத இசைவாணர் எட்வர்டு டான்ராய்தரை மணந்தார். 1877இல் வாக்னர் இலண்டன் வந்தபோது தங்கியது இவர்கள் இல்லத்தில். பிள்ளைகளுக்கு இவர்கள் இட்ட பெயர்களுள் டிரிஸ்டன், சிக்மண்ட், இசோல்டே என்பனவும் உள. அவை வாக்னரின் இசைநாடக மாந்தர் பெயர்கள். பாட்டன் பெயரோ பாட்டி பெயரோ அல்ல. கான்ஸ்டாண்டிநோபிள் நூல் வணிகரின் கொள்ளுப்பேரர் இவர்கள் என்பதை அறியத் தாயின் திருமணப் பதிவைத் தேடிச் செல்வதன்றி வேறு வழியில்லை.