தடுத்தால் பிறக்கும் நரம்பு

இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பக்கத்து ஓடைகளில் மழை தொடங்கும் நாட்களில் ஊதாத் தவளைகள் மண்ணைவிட்டு மேலே வந்து முட்டையிடுகின்றன. ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழும் இந்த இனத்தை எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுயிட்டும் 2003-இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். இதன் தலைப்பிரட்டை வெள்ளம் பாயும் பாறையை வாயால் கவ்விக்கொண்டு வளர்கிறது. அதற்கு முன்பே, முட்டைக்குள், அதன் மூளையும் தண்டுவடமும் உருவாகியிருக்க வேண்டும். எந்தச் செல் நரம்பாவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

1924-இல் ஜெர்மனியில் ஹில்டே மான்கோல்டும் அவருடைய ஆசிரியர் ஹான்ஸ் ஸ்பீமனும் ஒரு நீர்ப்பல்லிக் கருவிலிருந்து சிறு துணுக்கை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் பொருத்திய ஆய்வை வெளியிட்டார்கள். தோலாக வேண்டிய செல்கள் அங்கே நரம்பாயின. இரண்டாவது தண்டுவடமே தோன்றியது. அதே ஆண்டு தீ விபத்தில் மான்கோல்ட் இறந்துபோனார். 1935-இல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டுமே கிடைத்தது. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

'நரம்பாகு' என்று சொல்லும் பொருள் எது என்று பல பத்தாண்டுகள் தேடினார்கள். 1990-களில் வந்த விடை நேர்மாறாக இருந்தது. கருவின் வெளிப்புறச் செல்கள் பிஎம்பி என்ற புரதத்தால் ஒன்றையொன்று தோலாக்கிக்கொள்கின்றன. அந்தத் துணுக்கு சுரக்கும் நாகின், கார்டின் ஆகிய புரதங்கள் பிஎம்பியை மறித்துவிடுகின்றன. மறித்த இடத்தில் நரம்பு பிறக்கிறது. உயிரியலில் இதைவிட அழகான விடையை நான் படித்ததில்லை.

மனிதக் கருவின் ஸ்டெம் செல்களிலும் இதே வழிதான். செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சிய கருக்களிலிருந்து இவற்றை எடுக்கிறார்கள். பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் இப்படிச் செல் வரிசைகளை உருவாக்கியிருக்கிறது. 2009-இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு, பிஎம்பியோடு அதன் உறவுக்காரச் சமிக்ஞை ஒன்றையும் சேர்த்து மறித்தது. சுமார் 11 நாட்களில் தட்டிலிருந்த பெரும்பாலான செல்கள் நரம்பு முன்னோடிகளாயின. இவை பின்னர் வட்டமாக, இதழ் விரித்தாற்போல் அடுக்கிக்கொள்கின்றன. கருவிலுள்ள நரம்புக் குழலின் குறுக்குவெட்டும் ஏறக்குறைய இதே வடிவம்தான். தட்டில் அதை யாரும் வரைந்து காட்டவில்லை.

முன்னோடிச் செல் இன்னும் நரம்பணு அல்ல. அது பிரிந்து பெருகும். எந்த நரம்பணுவாவது என்பதை அடுத்து வரும் சமிக்ஞைகள் தீர்மானிக்கின்றன. டோபமின் சுரக்கும் வழியில் திருப்பிய முன்னோடிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் செலுத்தினார்கள். முடிவுகள் 2025-இல் வெளியாயின. நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தை ஓராண்டில் நிறுத்திய பின்னும், 18-ஆம் மாத ஸ்கேனில் அந்தச் செல்கள் உயிரோடிருப்பது தெரிந்தது.