சோர்வு நீக்கும் மருந்தும் சினமும்

மருந்தினால் மனிதனது குணம் மாறுமா என்னும் வினா பழையது. கள்ளும் கஞ்சாவும் அதற்கு விடை கூறி நெடுங்காலமாயிற்று. ஆயின், மனச்சோர்வு என்னும் நோய்க்கெனக் கொடுக்கப்படும் மருந்துகள் சினத்தைத் தணிக்கின்றனவா, மூட்டுகின்றனவா என்னும் வினா அண்மைக் காலத்தது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவோர் ஆராய்ச்சிகளிற் பாதியையே பார்த்தவராவர்.

இம்மருந்துகளுள் முதலாவது தற்செயலாகவே கிடைத்தது. 1952ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஸ்ரேற்றன் தீவிலுள்ள வைத்தியசாலையொன்றிற் கசநோயாளருக்கு இப்புறோனியசிட் என்னும் மருந்தைக் கொடுத்தபோது, படுக்கையிற் கிடந்தோர் உற்சாகங் கொண்டு உலாவத் தொடங்கினர். 1957இல் அது மனச்சோர்வுக்கு மருந்தாயிற்று. அவ்வாண்டிலேயே சுவிற்சலாந்து வைத்தியர் றோலண்ட் கூன் இமிப்பிறமீனின் பயனை வெளியிட்டார். புறோசாக் என விற்கப்படும் புளுவொக்செற்றீன் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நரம்புக் கலங்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் செரற்றோனின் என்னும் பொருளை, அதனை வெளிவிட்ட கலமே மீள உறிஞ்சிக்கொள்வது வழக்கம். அவ்வுறிஞ்சலை இம்மருந்து தடுக்கின்றது.

செரற்றோனின் குறைந்தால் மூர்க்கம் மிகும் என்னும் கருத்துக்கு ஆதாரம் உண்டு. ஆய்வுகூட எலிகளிற் சில, கூட்டினுள் விடப்படும் சுண்டெலியைக் கடித்துக் கொல்லும் இயல்புடையன. பிரான்சு நாட்டுக் கார்லி 1956இல் இதனை விரிவாக எழுதினார். இமிப்பிறமீன் போன்ற மருந்துகள் அக்கொலையைத் தடுப்பது 1960களிற் கண்டறியப்பட்டது. 1979இல் அமெரிக்கப் படையினர் சிலரை ஆராய்ந்தபோது, மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீரிற் செரற்றோனினின் சிதைவுப்பொருள் குறைந்திருந்தவர்களே வாழ்க்கையில் வன்செயல் மிகுதியாகப் புரிந்தவர்களாக இருந்தனர். 1997இல், முன்கோபம் மிக்க 40 பேரிடம் மூன்று மாதம் நடத்திய சோதனையிற் புளுவொக்செற்றீன் பெற்றோரின் சினம் தணிந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் விடை எளிதாயிருக்கும். ஆனால், தன் கூட்டினுள் அயல் எலி புகுந்தால் அதனைத் தாக்கும் எலிக்கு இம்மருந்துகளை ஒரு முறை கொடுத்தால் தாக்குதல் குறைகின்றது. வாரக்கணக்கிற் கொடுத்தாலோ கூடுகின்றது! நன்னீரில் வாழும், சிங்க இறாலை ஒத்த உயிரொன்று சண்டையில் தோற்றால் ஒதுங்கிவிடும். அதற்குச் செரற்றோனினை ஊசியால் ஏற்றினால் மீண்டும் எதிர்த்து நிற்கின்றது. அவ்விளைவைப் புளுவொக்செற்றீன் தடுப்பதும் 1997இல் வெளியான ஆய்விற் காணப்பட்டது.

யான் படித்தவற்றுள் சிந்தனையை மிகத் தூண்டியது 1991இல் வெளியான குரங்காராய்ச்சியாகும். ஆபிரிக்காவுக்குரிய வேர்வெற் குரங்குகள் ஆராயப்பட்டன. கூட்டமொன்றுக்கு வளர்ந்த ஆண்கள் மூன்று. தலைவனை அகற்றி, எஞ்சிய இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தனர். செரற்றோனினின் செயலை மிகுவிக்கும் மருந்தைப் பெற்ற குரங்கே ஒவ்வொரு முறையும் தலைமை எய்தியது. அதனைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தபோது, மருந்து பெறாத குரங்கு தலைவனாயிற்று. தலைமை கிடைத்த வழிதான் வியப்புக்குரியது. அக்குரங்கு முதலிற் பெண் குரங்குகளை அணுகியிருந்து, பேன் பார்த்து, அவற்றின் நட்பைத் தேடிக்கொண்டது. பின்னர் பூசல் எழுந்தபோது அவை அதன் பக்கம் நின்றன. மூர்க்கம் வேறு, தலைமை வேறு என்பதை அரசியல் நூல்களைக் காட்டிலும் இது தெளிவாக உணர்த்துகின்றது.

ஆகவே, செரற்றோனினைச் சாந்தரசம் எனக் கொள்வது பிழை. எதிர்ப்பதா, ஒதுங்குவதா, இணங்குவதா என்று உயிர் முடிவு செய்யும் இடத்தில் இம்மருந்துகள் தொழிற்படுகின்றன போலும். முடிவு எதுவாகும் என்பது உயிரின் இனத்தையும், கூட்டத்தில் அதற்குள்ள நிலையையும், மருந்துண்ட காலத்தையும் பொறுத்தது.

மனிதரில் வயதும் ஒரு காரணமாகும். சுவீடன் நாட்டில் 2006 முதல் 2009 வரை இவ்வகை மருந்துண்ட எட்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டனர். 15 முதல் 24 வயது வரையுள்ளோரில், மருந்துண்ணாத காலத்திலும் உண்ட காலத்தில் வன்குற்றம் நூற்றுக்கு 43 வீதம் மிகுந்திருந்தது. மூத்தோரில் அத்தகைய தொடர்பு உறுதிப்படவில்லை. மருந்தே காரணம் என்பதற்கு இது முடிந்த சான்றன்று. நோய் முற்றிய வேளையிலேயே மருந்து தொடங்கப்படுவதும் காரணமாகலாம். எனினும், 70 மருந்துச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட ஆய்விலும் சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் மூர்க்கம் இரு மடங்குக்கு மேற்பட்டது, வளர்ந்தோரில் அவ்வாறில்லை.

இவ்வயதினரே நம் வகுப்பறைகளில் இருப்போர். வாய் திறவாதிருந்த மாணவன் மருந்துண்டு சில கிழமைகளில் எதிர்த்துப் பேசத் தொடங்கினால் அது கேடா, குணமா? தன் கூட்டைக் காக்க மீண்டெழுந்த எலியைப் போல் அவன் தேறி வருதலும் கூடும். ஆனால் உறக்கமின்மை, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது நடத்தல், காரணமற்ற எரிச்சல் என்பன, மருந்து தொடங்கிய அல்லது அளவு மாற்றிய முதற் கிழமைகளிற் சேர்ந்து தோன்றுமாயின், அன்றே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். பெற்றோர் அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்திவிடுவதுமுண்டு. திடீரென நிறுத்தினாலும் அதே எரிச்சலும் உறக்கமின்மையும் தோன்றும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதும் வைத்தியரது பணியே.