உங்களுக்குத் தெரியுமா? பந்தயக் குதிரையின் உடலுக்குள்

● குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். ஓடிக் களைத்தாலும் நாயைப்போல வாயால் மூச்சு வாங்காது. பாய்ந்தோடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. அதனால்தான் மூக்கிலோ தொண்டையிலோ சிறு அடைப்பு இருந்தாலும் வேகம் குறைகிறது.

● ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும் இதயம், முழு வேகத்தில் 220 முறைக்கு மேல் துடிக்கும். அப்போது மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் சுமார் 40 சதவீதமாக இருந்த அவற்றின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டுகிறது; தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கிறது.

● குதிரையின் இரைப்பையில் அமிலம் இரவு பகலாகச் சுரக்கும். மேயும்போது ஊறும் உமிழ்நீர் அதைத் தணிக்கும். தானியத்தை அதிகம் கொடுத்து, இடையில் நீண்ட நேரம் பட்டினி போட்டால் அமிலம் இரைப்பையை அரிக்கும். உள்நோக்குக் கருவியால் பார்த்த ஆய்வுகளில், பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருந்தது.

● வலியைக் குதிரை முகத்தில் காட்டும். பின்னோக்கி விறைத்த காதுகள், சுருங்கிய கண்கள், இறுகிய தாடை, விறைத்த மூக்குத்துளைகள் போன்ற அடையாளங்களைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோலை 2014இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

குதிரை வளர்ப்பவர்களே, கொட்டிலில் எந்நேரமும் புல்லோ வைக்கோலோ இருக்கட்டும். சேணம் பூட்டும் முன் அதன் முகத்தைக் கவனியுங்கள். வலி தெரிந்தால் ஓட்டாதீர்கள், கால்நடை மருத்துவரை அழையுங்கள்.